உட்கருவை விட்டு வெளியேறும் புரதத்தைப் பாட்டிக்குத் தமிழில் விளக்குவது எப்படி

சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்திலேயே படிக்கிறார்கள். அதனால் தாத்தாவுக்கு இயக்க நரம்பணு நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்லச் சிதையும் நோய்) வந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய பேரனும்கூடப் பாட்டியின் முன் வாயடைத்து நிற்கிறான். அந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரின் நரம்பணுக்களில் இடம் மாறிக் காணப்படும் டிடிபி-43 என்ற புரதத்தை எப்படி விளக்கலாம் என்பதை, என் வீட்டில் சொல்லிப் பார்த்த பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திவிடுங்கள். புரதம் என்றதும், "அப்படியானால் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடவா?" என்று என் மாமியார் கவலையோடு கேட்டார். உணவிலுள்ள புரதம் வயிற்றில் செரித்துவிடும் என்பதையும், இது உயிரணு தன் வேலைக்காகத் தனக்குள்ளேயே செய்துகொள்ளும் வேறொரு புரதம் என்பதையும் பொறுமையாகச் சொல்லுங்கள். அதேபோல, வெறுமனே 'கரு' என்றால் கர்ப்பத்தையோ முட்டையின் மஞ்சளையோ நினைத்துக்கொள்வார்கள். 'உட்கரு' என்றே சொல்லி, உடனே படம் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு தாளில் பெரிய வட்டம் ஒன்றும் அதனுள் சிறிய வட்டம் ஒன்றும் வரைந்து, சிறிய வட்டத்தினுள் பென்சிலால் புள்ளிகள் வையுங்கள். பெரியது நரம்பணு, சிறியது டிஎன்ஏ இருக்கும் உட்கரு, புள்ளிகள் டிடிபி-43. நலமான நரம்பணுவில் இப்புரதம் பெரும்பாலும் உட்கருவில்தான் இருக்கும்.

அங்கே அது என்ன செய்கிறது என்பதில்தான் நேரம் செலவிட வேண்டும். டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ என்ற படி எடுக்கப்படும்போது தேவையற்ற பகுதிகளும் சேர்ந்தே வருகின்றன. அவற்றை வெட்டி நீக்கி, வேண்டியவற்றை ஒட்டிய பிறகே அந்தப் படி உட்கருவை விட்டு வெளியே போகிறது. எங்கள் மாமியாரின் தந்தை அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர் என்பதால், நான் அதையே உவமையாக எடுத்துக்கொண்டேன். கைப்பிரதியின் ஓரத்தில் கிறுக்கிய வரிகள் அச்சில் ஏறிவிடாமல் மெய்ப்புத் திருத்துபவர் பார்த்துக்கொள்வதைப் போல, டிடிபி-43 ஆர்என்ஏவின் சில இடங்களில் பற்றிக்கொண்டு, வரக்கூடாத துண்டுகள் உள்ளே நுழையாமல் காக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இந்தக் காவல் வேலையை வெளிப்படுத்தினார்கள்.

இப்போது இரண்டாவது படம். இதில் சிறிய வட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதற்கு வெளியே, பெரிய வட்டத்தினுள், புள்ளிகளை ஒரே கட்டியாகத் திரட்டி வரையுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் தலைமையிலான குழு, இத்தகைய கட்டிகளில் இருப்பது டிடிபி-43தான் என்று 2006இல் கண்டறிந்தது. முன்மூளைப் பகுதியைத் தாக்கி நடத்தையையும் பேச்சையும் மாற்றும் ஒருவகை மறதி நோயிலும் அதே புரதம் இருந்தது. பலரும் கட்டியைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், வெறுமையான வட்டத்தை முதலில் காட்டுவதே நல்லது. கட்டி தீங்கு செய்கிறது என்பது ஒருபுறமிருக்க, உட்கருவில் வேலை பார்க்க ஆளில்லாமல் போனதும் சம அளவு பெரிய இழப்பு. டிடிபி-43 உட்கருவில் இல்லாதபோது, ஸ்டாத்மின்-2 என்ற புரதத்திற்கான ஆர்என்ஏவில் வேண்டாத துண்டு நுழைந்து, அந்தப் படி பாதியிலேயே முடிந்துவிடுகிறது என்று 2019இல் இரு குழுக்கள் காட்டின. நரம்பணுவிலிருந்து நீளும் இழையான நரம்பிழை காயப்பட்டால் மீண்டும் வளர அந்தப் புரதம் தேவை. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை செல்லும் நரம்பிழை ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் இருக்கும் என்பதைச் சொன்னால், தாத்தாவின் கால் ஏன் தளர்கிறது என்ற கேள்விக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஆனால் இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் வருமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். பெரும்பாலோருக்கு இந்நோய் பரம்பரையாக வருவதில்லை என்றும், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே குடும்பத்தில் முன்பு இருந்திருக்கும் என்றும் சொல்லி, மேற்கொண்டு மருத்துவரிடமே கேட்கும்படி அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

மறுநாள் வெற்றுத்தாளைக் கொடுத்து, இரண்டு படங்களையும் பாட்டியையே வரையச் சொல்லுங்கள். இரண்டாவது படத்தில் சிறிய வட்டத்தை அவர் வெறுமையாக விட்டால், சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது.