முருகைக்கல்லுக்கு எண்ணெய் வேண்டாம்: யாழ்ப்பாணத்துப் பழந்தலங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கற்களைக் கெடுப்பவர்கள் யார் என்று கேட்டால், சுவரில் பெயர் கிறுக்கும் பொடியன்களைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். அவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் கையில் எண்ணெய்ப் போத்தலும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு பயபக்தியோடு வருகிறவர்கள் செய்யும் சேதம் அதைவிட மோசம் என்பது என் எண்ணம். கிறுக்குகிறவனை நாலு பேர் அதட்டுவார்கள். கும்பிடுகிறவரை யார் தடுப்பது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தரை சுண்ணக்கல். கருங்கல் இங்கே கிடையாது. கோயில் மூலஸ்தானத்தில் எண்ணெய்க்காப்பும் பாலபிஷேகமும் காணும் கருங்கல் விக்கிரகங்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை; அந்தக் கல் அதைத் தாங்கும். பழைய பௌத்தத் தலமான கந்தரோடையிலும் நெடுந்தீவிலும் நீங்கள் பார்ப்பது முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணக்கல்லும். ஒரு முருகைக்கல்லைக் கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். முகம் முழுக்கச் சிறு துளைகள், இடையிடையே பூவிதழ் போன்ற வரிகள். ஒருகாலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்ததன் கூடு அது. அதில் ஊற்றிய எண்ணெய் துளை வழியே உள்ளே இறங்கிவிடும், துடைத்தாலும் வராது. அதன்மேல் தூசி ஒட்டும், கல் கறுக்கும். மஞ்சளும் குங்குமமும் அப்படித்தான் ஊறிப்போகும். கற்பூரம் கொளுத்திய இடத்தில் கரி படியும். பால் ஊற்றினால் எறும்பும் பூஞ்சணமும் தேடி வரும்.

எல்லாவற்றிலும் கூடாதது எலுமிச்சை. பிழிந்த மூடியில் நெய்விளக்கு ஏற்றி அப்படியே கல்லில் வைக்கிறார்கள். எலுமிச்சம்புளி பட்ட சுண்ணக்கல் நுரைக்கும். நுரைப்பது கல் கரைவதால்தான். பிறகு 'சுத்தம் செய்கிறோம்' என்று பழப்புளி போட்டுத் தேய்ப்பதும் அதே வேலைதான். விளக்கு வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு தட்டில் வைத்து, கல்லுக்குத் தள்ளி, மண்தரையில் வையுங்கள். பூ வைப்பதென்றாலும் கல்லின் தலையில் வேண்டாம். காலடியில் வைத்து, போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

கல்வெட்டுகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கு வரும் வெளிநாட்டு வணிகர்களுக்கான கட்டளை அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, மற்றச் சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. சிங்கள அரசன் ஒருவன் துறைமுகச் சட்டத்தைத் தமிழில் வெட்டுவித்தது இன்றைக்கும் யோசிக்க வேண்டிய விஷயம். இப்படிப்பட்ட எழுத்துகள் படத்தில் தெளிவாக விழவில்லை என்று விபூதியோ மாவோ தடவுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தேவையே இல்லை. கைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டின பள்ளங்களில் நிழல் விழும், எழுத்து தானே எழும்பி நிற்கும். படம் எடுக்கலாமா என்பதை மட்டும் கோயிலில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நயினாதீவில் இன்னொரு கதையும் கல்லோடுதான் இருக்கிறது. அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறிக்க, அவை இரண்டும் தங்கிய பாறைகள் என்று பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் காட்டுவார்கள். அவற்றைப் பார்த்துக் கும்பிட்டால் போதும். ஏறி நின்று படம் எடுக்கிற இடம் அல்ல.

கந்தரோடைக்கு வருகிறவர்கள் இரண்டு மனநிலையில் வருகிறார்கள். ஒரு சாரார் பூங்காவுக்கு வருவதுபோல் வந்து தாதுகோபங்களில், அதாவது பௌத்தத் தூபிகளில், சாய்ந்து இருப்பார்கள். மற்றவர்கள் வாசலிலேயே 'இது தமிழருடையதா சிங்களவருடையதா' என்று தொடங்கி, வெளிக்கிடும் வரைக்கும் வாதம்தான். இரண்டுமே கூடாது. வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் 1917 அளவில் ஆய்வு செய்து வெளியுலகுக்குக் காட்டிய இடம் இது. இன்று நிற்கும் சின்னத் தாதுகோபங்களில் பல தொல்லியல் திணைக்களம் பின்னாளில் திருத்திக் கட்டியவை. தமிழர்களிடையே பௌத்தம் இருந்த காலத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள், அதை வீட்டிலிருந்து ஆறுதலாக வாசிக்கலாம். அந்த மண்ணில் நிற்கும்போது பக்கத்தில் சிங்களக் குடும்பம் ஒன்று பிரித் என்னும் பௌத்த ஓதலை ஓதிக்கொண்டிருக்கக்கூடும். செருப்பையும் தொப்பியையும் கழற்றுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், பௌத்தர்கள் அதைப் பெரிய அவமதிப்பாக எடுப்பார்கள். மத்தியானத்தில் வெறுங்காலோடு அந்த மணலில் நடந்தால் தியானம் அல்ல, நடனம்தான் வரும். காலையிலேயே போய்விடுங்கள்.

சரி, கோயில்களுக்கு வருவோம். துடக்கு உள்ளவர்கள் போவதில்லை, மச்சம் தின்றுவிட்டுப் போவதில்லை, ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், இவையெல்லாம் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் வாசலில் வைத்துச் சொல்லாமல் வீட்டிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் முகம் சுருங்காது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் பூசை மணிக்கூடு தவறாது. ஐந்து நிமிடம் பிந்திப் போய்க் கதவடியில் நின்று கோபப்பட்டுப் பலன் இல்லை.

தியானத்துக்கென்று வருகிறவர்கள் செய்யும் தவறு, இருக்கிற இடத்தைத் தேர்வதில். வசந்த மண்டபத்துக்கு முன்னால், சனம் சுற்றி வரும் பாதையில், கண்ணை மூடிச் சம்மணம் கொட்டி இருந்துவிடுவார்கள். பின்னால் வருகிற கிழவி தடுக்கி விழப் பார்ப்பார். நல்லூரில் செல்லப்பா சுவாமி என்ற சித்தர் இருந்த இடம் தேரடி. அவருடைய சீடர் யோகர் சுவாமி தம் குருவைக் கண்டதும் அந்தத் தேரடியில்தான். இந்த ஊரில் சும்மா இருக்க நினைத்தவர்கள் வெளிவீதியையும் மரநிழலையும் மடங்களையும் தேடினார்கள். வெயில் ஏறுமுன் வெளிவீதியில் ஓர் ஓரமாக இருந்து பாருங்கள், ஒருவரும் உங்களைக் குழப்ப மாட்டார்கள். யோகர் சுவாமியின் வழிவந்த சிவதொண்டன் நிலையத்தின் தியான மண்டபமும் இருக்கிறது; அங்கே பேச்சும் கைபேசியும் ஆகாது.

கடலோரத்துப் புனிதக் கேணிகள் உள்ள கீரிமலைக்கு அமைதி தேடி ஆடி அமாவாசையன்று போகாதீர்கள். தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்ய வந்து நிறையும் நாள் அது. அழுகையும் மந்திரமும் எள்ளும் தண்ணீருமாக இருக்கும். அந்த நாளில் ஒதுங்கி நின்று படம் பிடித்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். தாய்க்குரிய சித்திரா பௌர்ணமிக்கும் இதே கதைதான். மற்ற நாட்களில் விடியற்காலை நல்லது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேணிகள் வேறு வேறு. சவர்க்காரமும் ஷாம்புவும் உள்ளே வேண்டாம். உங்களுக்குப் பிறகு இறங்குகிறவர் அதே நீரில்தான் தலை முழுகப்போகிறார். படிகளில் பாசி பிடித்திருக்கும். நீந்தத் தெரியாதவர்கள் கடைசிப் படியைத் தாண்ட வேண்டாம். அங்குள்ள நகுலேஸ்வரம் போர்க்காலத்தில் நெடுநாள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்த கோயில். அந்தப் பக்கத்தில் படை முகாம்களும் பலாலி விமான நிலையமும் இருப்பதால் அனுமதியில்லாமல் ட்ரோன் எழுப்பினால் வில்லங்கம்தான்.

நிலாவரைக் கிணற்றில் காசு போட்டு வேண்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மேலே நன்னீர், ஆழம் போகப்போக உப்புநீர். அந்த ஆழத்தில் விழுந்த உலோகத்தை ஒருவரும் எடுக்கப்போவதில்லை.

கடைசியாக நெடுந்தீவு. அங்கே வேலிக்குப் பதில் முருகைக்கல் மதில். சாந்து இல்லை, சீமெந்து இல்லை, கல்லின்மேல் கல்லாகப் பொருத்தி அடுக்கியது. அண்மைக்காலமாக ஒரு புதுப் பழக்கம்: மதிலிலிருந்து நாலைந்து கல்லை உருவி, கோபுரம் மாதிரி அடுக்கி, நேர்த்தி வைத்துவிட்டுப் போவது. ஒரு கல் போனால் பக்கத்துக் கல் தளரும், அடுத்த மழைக்கு மதிலில் வாய் விழும், ஆடு மாடு தோட்டத்துக்குள் போகும். அந்த மதில் ஒருவருடைய காணி எல்லை. தானாக வளர்வதாக நம்பப்படும் 'வளரும் கல்' ஒன்று அங்கே உண்டு, அதற்கு ஊர்ச்சனம் மஞ்சள் பூசிக் கும்பிடுகிறது; அது அவர்களுடைய வழிபாடு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வந்தவர்கள் அதைத் தட்டிப் பார்ப்பதும் 'ஒரு துண்டு' கேட்பதும் வேண்டாம். எந்தப் பழந்தலத்திலிருந்தும் கல்லோ ஓட்டுத்துண்டோ பையில் போடுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி உங்களை நீதிமன்றம் வரை கொண்டுபோகலாம்.

தீவுக்குப் படகு குறிகட்டுவானிலிருந்து. திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள், கேட்ட நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே துறையில் நில்லுங்கள். காற்று எழும்பிக் கடல் குழம்பினால் சேவை நின்றுவிடும் என்பதால் ஒரு மாற்று உடுப்பும் அவசர மருந்தும் பையில் இருக்கட்டும்.