மேசையில் ஒரு கூத்து: ஐதீகக் கதையை இசையோடு ஆட்டமாக நடத்துவது எப்படி

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, கதையைப் பேச்சாலேயே நகர்த்திச் செல்லும் மேசை ஆட்டங்களுக்குப் பின்னணி இசை வைப்பது புதிய வழக்கமன்று. ஒலிபெருக்கியை மூலையில் வைத்து, யூடியூபில் ஏதோவொரு போர்க்கள இசையை ஓடவிட்டு, அரைமணி நேரத்தில் அதை எல்லோரும் மறந்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. அப்படியான இசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்டத்தில் எதுவும் மாறுவதில்லை. வாத்தியம் வாசிக்கத் தெரிந்த ஒருவர், நம்முடைய ஐதீகங்களில் ஒன்றை எடுத்து, கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றின் சாப்பாட்டு மேசையில் நான்கு பேருக்கு நடத்துவதாக வைத்துக்கொண்டு, அங்கே ஒலிக்கும் இசையையே ஆட்டத்தின் விதியாக்குவது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

விதிகளை நீங்களாகவே இயற்றத் தேவையில்லை. இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதலில் விற்பனைக்கு வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்தது. அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் கிடைப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் அதைத் தமிழாக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். ஒரு நாள் ஆட்டத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. உடல், மதி, வாக்கு என்ற மூன்று திறன்கள், ஓர் இருபது முகப் பகடை, எளிய செயலுக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20 என்று பகடை எட்ட வேண்டிய இலக்கு எண்கள் ஆகியவை போதும்.

கதையைத் தெரிவு செய்தல்

எல்லோருக்கும் காட்சி காட்சியாக மனப்பாடமான கதை ஆட்டத்துக்கு உதவாது. இராம இராவண யுத்தத்தை மேசைக்குக் கொண்டுவந்தால், அடுத்து நடக்க வேண்டியது என்னவென்று ஆட்டக்காரர்கள் உங்களுக்கே நினைவூட்டத் தொடங்கிவிடுவார்கள். தொடக்கமும் முடிவும் தெளிவாக இருந்து, நடுவில் பெரியதொரு இடைவெளி விட்டிருக்கும் கதையே வேண்டியது. இலங்கைத் தமிழரிடம் அத்தகைய கதைகளுக்குப் பஞ்சமில்லை. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தில் குத்தி வரவழைத்ததாகச் சொல்லப்படும் கன்னியா வெந்நீரூற்றுகள், குதிரை முகம் நீங்குவதற்காக மாருதப்புரவீகவல்லி நீராடிய கீரிமலை, நிலவுக் காலத்தில் மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீன்கள் என எதை எடுத்தாலும் ஒரு மாலைப் பொழுதுக்கு இடமிருக்கிறது.

இசைக்காரர் ஒருவர் முதலில் எடுக்க வேண்டியது யாழ்பாடியின் கதை என்பது என் கருத்து. யாழ் வாசிக்கும் கண்பார்வையற்ற பாணன் ஒருவன் அரசன் முன் வாசித்து, பரிசாக வடக்கே ஒரு மணல்வெளியைப் பெற்றான் என்றும், அதுவே பின்னர் யாழ்ப்பாணம் ஆயிற்று என்றும் சொல்லும் ஐதீகம் அது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் தொகுத்த யாழ்ப்பாண வைபவமாலையிலும் இது இடம்பெறுகிறது. வரலாற்றாய்வாளர்கள் இதை நடந்த நிகழ்ச்சியாக ஏற்பதில்லை. ஆட்டத்துக்கு அது குறையுமன்று. அரசவையில் பரிசு வாங்கினான், வடக்கே குடியேறினான் என்ற இரண்டுக்கும் நடுவில், பார்வையற்ற மனிதன் ஒருவன் வன்னிக் காட்டைக் கடந்து எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்பதைக் கதை விரித்துச் சொல்வதில்லை. உங்கள் நான்கு ஆட்டக்காரர்களும் நுழைய வேண்டிய வாசல் அதுதான்.

வாய்வழியாகக் கேட்டதை மட்டும் வைத்துத் தொடங்காமல், 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு பிற்பகலைச் செலவிட்டு, ஒரே கதையின் இரண்டு மூன்று வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவை ஒன்றோடொன்று முரண்படும் இடங்களைக் கொப்பியில் குறித்துக்கொண்டால், ஆட்டத்தில் வரும் பொய்யர்கள் சொல்ல வேண்டிய பொய்கள் தாமாகவே கிடைத்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்ணகி, முருகன் போன்ற தெய்வங்களை எவரும் ஏற்று நடிக்கும் பாத்திரங்களாக வைக்காதீர்கள். மேசையில் இந்துவும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் சேர்ந்து அமர்வது கொழும்பில் வழமையானது. ஒருவர் வீட்டில் விளக்கேற்றி வணங்கும் தெய்வத்தை இன்னொருவர் பகடை உருட்டித் தோற்கடிப்பது விளையாட்டாகாது.

காதே விதி

யாழ்பாடியை ஆட்டக்காரர் எவருக்கும் கொடுக்காதீர்கள். அவனை, கதையை நடத்திச் செல்லும் கதைநடத்துநராகிய நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவன் கண்ணால் காணாததைக் குரலில் கேட்பவன். ஒருவர் பேசும்போது அவன் மனத்தில் எழும் ஒலியையே நீங்கள் வாத்தியத்தில் வாசிக்கிறீர்கள். இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கின்றன.

நான்கே ஸ்வரங்கள் கொண்ட சிறு துணுக்கு ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். மோகன இராகத்தில் க, ப, த, மேல் ஸ என்று ஏறி நிற்பது போதும். வழியில் சந்திக்கும் ஒருவர் உண்மை பேசும்போது அதை அப்படியே மெதுவாக வாசியுங்கள். பொய் பேசும்போது க என்ற ஸ்வரத்தை, அதாவது அந்தர காந்தாரத்தை, சற்றுத் தாழ்ந்த சாதாரண காந்தாரமாக இறக்கிவிட்டு, மற்ற மூன்றையும் தொடாமல் வாசியுங்கள். ஒரேயொரு ஸ்வரம் மாறியதும் மோகனம் சிவரஞ்சனி ஆகிவிடுகிறது. கீபோர்டில் சி என்ற கட்டையை ஷட்ஜமாக (ஸ) வைத்திருந்தால், ஈ என்ற வெள்ளைக் கட்டைக்குப் பதிலாக அதன் இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையை அழுத்தினால் வேலை முடிந்தது. இராகத்தின் பெயரே தெரியாதவருக்கும் அந்த இறக்கம் எங்கோ உறுத்தும். காந்தாரத்தை அசைத்துக் கமகம் கொடுக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். அசைத்தால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பழகாத காதுக்கு மங்கிப் போகும்.

இதை முன்கூட்டி விளக்கக் கூடாது. முதல் மூன்று நான்கு சந்திப்புகளில் உண்மையாளர்களை மட்டுமே வரவிட்டு, மோகனத் துணுக்கைக் காதுக்குப் பழக்குங்கள். ஆனையிறவுக் கரையில் ஓடக்காரன் ஒருவன் வந்து, "தண்ணி முழங்கால் அளவுதான் ஐயா, பயப்பிடாமல் இறங்குங்கோ" என்று சொல்லும் இடத்தில்தான் முதன்முறையாகக் காந்தாரத்தை இறக்க வேண்டும். சிலர் அதைக் கவனிக்காமலே தண்ணீரில் கால் வைப்பார்கள். எவராவது நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் பொறுங்கோ, இப்ப வாசிச்சது வேற மாதிரி இருந்தது" என்றால், அந்தக் கணத்திலிருந்து மேசையில் உள்ள அனைவரும் உங்கள் வாயைவிட உங்கள் விரல்களையே அதிகம் நம்பத் தொடங்குவார்கள். அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் பிறகு ஒட்டாது என்பதால், கதைக்கு எவ்வளவு வசதியாக இருந்தாலும், உண்மை பேசுபவருக்குத் தாழ்ந்த காந்தாரத்தையும் பொய்யருக்கு உயர்ந்ததையும் ஒருபோதும் வாசிக்காதீர்கள்.

கவனித்தவருக்கு என்ன பலன் என்பதையும் விதியாக வைக்க வேண்டும். அந்தப் பொய்யரை எதிர்த்துப் பேசும்போதோ, அவர் விரித்த வலையிலிருந்து தப்பும்போதோ பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள அவரை அனுமதியுங்கள். இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு ஒருமுறை உருட்டினால் 30 வீதம். இருமுறை உருட்டி நல்லதை எடுத்தால் அது 51 வீதமாகிவிடுகிறது. காது கொடுத்துக் கேட்டதற்கு இது தகுந்த கூலி.

இனி இதன் மறுபக்கம். யாழ்பாடி குழுவை விட்டுப் பிரிந்தால், நோயுற்றுக் கிடந்தால், அல்லது அவனது யாழ் நனைந்து நரம்பு தளர்ந்தால், வாத்தியத்தை மேசைக்குக் கீழே வைத்துவிடுங்கள். எவர் பேசினாலும் ஒலி எழாது. உண்மை எது, பொய் எது என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் தவிக்கும் அந்த அரைமணி நேரமே பெரும்பாலும் ஆட்டத்தின் மிகச் சிறந்த பகுதியாக அமையும். அவனைக் காக்க வேண்டும் என்ற அக்கறையும் எவரும் போதிக்காமலே வந்துவிடும்.

வரவு

நம் கூத்தில் பாத்திரங்கள் களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, சும்மா வந்து நிற்பதில்லை. வடமோடி, தென்மோடி என்ற இரு வகைக் கூத்துகளில் எதுவாயினும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் தாளக்கட்டை எடுக்க, அதற்கேற்ற ஆட்டத்தோடுதான் ஒருவர் வரவு செய்கிறார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தை நவீன மேடைக்கு எடுத்து வந்தபோதும் இந்த ஆட்டமும் தாளமுமே அதன் உயிராக இருந்தன. மேசைக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

வழிகாட்டிச் சிறுவன், மன்னார் முத்துக்குளிப்பவர், யானை பிடிக்கும் பணிக்கர், அரசவையிலிருந்து துணைக்கு வந்த காவலர் என நால்வர் இருந்தால், சிறுவனுக்கு ஆதி, முத்துக்குளிப்பவருக்கு ரூபகம், பணிக்கருக்குக் கண்ட சாபு என்று ஆளுக்கொரு தாளத்தைப் பிரித்துக் கொடுங்கள்; காவலருக்கும் ஆதியே போதும், நடையைத் திஸ்ரமாக்கினால், அதாவது ஒவ்வோர் எண்ணிக்கையையும் மும்மூன்றாகப் பிரித்தால், வேறாகக் கேட்கும். கையால் தட்டும் சிறு தோல் வாத்தியமான கஞ்சிராவில் இரண்டு ஆவர்த்தனங்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) மேல் ஒருவருடைய வரவு நீளக் கூடாது. காட்சியில் இல்லாத ஒருவர் உள்ளே வரலாம் என்பதை வாயால் சொல்லாமல் அவருடைய தாளத்தைத் தட்டி அறிவியுங்கள். ஏழு எண்ணும் மிஸ்ர சாபுவை எவருக்கும் கொடுக்காமல், அவர்களைப் பின்தொடரும் எதிரிக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது மேசை விளிம்பில் உங்கள் விரல் மெல்ல ஏழு தட்டத் தொடங்கினால், பேரம் பேசுபவரின் குரலே தாழ்ந்துவிடும்.

வாத்தியமும் வீடும்

கதைநடத்துநர் ஓயாமல் பேச வேண்டியிருப்பதால் புல்லாங்குழல் இங்கே உதவாது. வீணை, கிட்டார், கீபோர்டு ஆகியவை வசதியானவை; வயலின்காரர் வில்லை ஒதுக்கிவிட்டு நரம்பை விரலால் சுண்டி வாசிக்கலாம். சுருதிக்குத் தொலைபேசியிலுள்ள தம்புரா செயலி போதும், ஆனால் பேச்சை அது அமுக்காத அளவுக்கு ஒலியைக் குறைத்து வையுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று நரம்பைத் துருப்பிடிக்கச் செய்யும், ஈரம் கஞ்சிராவின் தோலைத் தளர்த்தும். தோல் கஞ்சிரா என்றால் ஆட்டம் தொடங்குவதற்கு முன் மேசை விளக்கின் அருகே சிறிது நேரம் வைத்து இறுக விடுங்கள். செயற்கைத் தோல் கஞ்சிராவுக்கு இந்தத் தொல்லை குறைவு.

வெள்ளவத்தைக் கடற்கரை வீதியான மெரைன் டிரைவை ஒட்டி ஓடும் புகையிரதம் கதையின் நடுவில் கட்டாயம் குறுக்கிடும். அதோடு போட்டியிட்டுக் கத்துவதைவிட, அதை யானைக் கூட்டம் கடந்து போகும் ஒலியாக வைத்துக்கொண்டு அனைவரையும் அசையாமல் இருக்கச் சொல்வது நல்லது. மேல்மாடி அன்ரிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதும், இரவு பத்து மணிக்குள் கஞ்சிராவை மூடி வைப்பதும் அடுத்த மாதமும் ஆட்டம் நடப்பதற்கு அவசியம். நாளைப் பொறுத்தவரை போயா (பௌர்ணமி) விடுமுறையை விடச் சிறந்தது இல்லை. அலுவலகமும் இல்லை, பெரும்பாலான தனியார் வகுப்புகளும் இல்லை.

இருபது முகப் பகடை கைக்குக் கிடைக்காவிட்டால் 1 முதல் 20 வரை எழுதிய மட்டைத் துண்டுகளைத் துணிப்பையில் போட்டு எடுங்கள்; எடுத்ததை ஒவ்வொரு முறையும் திருப்பிப் போட்டால் வாய்ப்பு பகடையைப் போலவே இருக்கும். சோழியைப் பயன்படுத்த விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறு சோழிகளை வீசும்போது, ஒவ்வொன்றும் சரிபாதி வாய்ப்போடு விழுவதாகக் கொண்டாலும், மூன்று மல்லாந்து விழும் வாய்ப்பு 64இல் 20, ஆறும் மல்லாந்து விழும் வாய்ப்பு 64இல் 1. எனவே பெரும் வெற்றியும் பெரும் வீழ்ச்சியும் அருகி, கதை நிதானமாக நகரும். எனக்கு அந்த நிதானம் பிடிக்கும். ஆரவாரம் விரும்பும் இளையவர்களுக்குப் பகடையே சரி.

மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். நடுவில் பிளேன்டீக்கும் ரோல்ஸுக்கும் எழும் இடத்தை, யாழ்பாடி காணாமற் போகும் காட்சிக்குச் சற்று முன்பாக அமைத்துக்கொண்டால், எண்ணெய்க் கையோடு எவரும் தாள்களைத் தொடாமல் கைகழுவிவிட்டு விரைவாகத் திரும்பி வருவார்கள். ஆட்டக்காரருள் எவராவது தம் வயலினைக் கொண்டுவந்திருந்தால், யாழ்பாடி வாசித்த துணுக்கை அவர் அதே காந்தாரத்தோடு திருப்பி வாசித்துக் காட்டும்போதெல்லாம் அவருடைய பாத்திரத்துக்கு ஒரு வாக்குத் திறன் புள்ளி கூட்டிக் கொடுங்கள். பிழையாக வாசித்தால் புள்ளி குறைக்க வேண்டாம். அந்தப் பிழையான ஸ்வரத்தைக் கொப்பியில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த அமர்வில் ஓர் எதிரியின் துணுக்கில் அதைப் பயன்படுத்துங்கள்.