பெண்களுக்கு முதல் டிரையத்லான்: 12 வாரத்தில் தயாராவது எப்படி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே போட்டியில் அடுத்தடுத்து முடிப்பதுதான் டிரையத்லான். புதிதாக வருகிறவர்களுக்கு "அவ்வளவு தூரம் நீந்த முடியுமா" என்பதுதான் முதல் பயம். நீந்திவிடலாம். தடுமாற்றம் வருவது தண்ணீரிலிருந்து ஏறி, ஈர உடம்போடு சைக்கிளைத் தேடும் அந்த இரண்டு நிமிடத்தில். பிறகு சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கும் முதல் கிலோமீட்டரில். இரண்டும் ஒத்திகை பார்த்தால் சரியாகிற விஷயங்கள்.

இந்தத் திட்டத்தைத் தொடங்க, நீச்சல் குளத்தில் நிற்காமல் 100 மீட்டர் நீந்தவும், 40 நிமிடம் சைக்கிள் ஓட்டவும், 20 நிமிடம் மெதுவாக ஓடவோ வேகமாக நடக்கவோ முடிந்தால் போதும். நீச்சலே தெரியாது என்றால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள், பெயர் பதிவு அப்புறம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, சமீபத்தில் பிரசவம் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: தூரத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முறைக்கு ஸ்பிரிண்ட் பொருத்தம்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இதன் இரண்டு மடங்கு ஒலிம்பிக் தூரம். அதற்கு அடுத்த வருடம் போகலாம். தண்ணீர்ப் பயம் அதிகம் என்றால், நீச்சலைக் குளத்திலேயே வைக்கும் போட்டியைத் தேடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் நேர வரம்பு உண்டா என்று பதிவு செய்யும் முன்பே படித்துவிடுங்கள்.

படி 2: சைக்கிளை உங்கள் உடம்புக்குப் பொருத்துங்கள்

புதிய சைக்கிள் வேண்டாம். பிரேக் நன்றாகப் பிடிக்கும் எந்த சைக்கிளும் போதும். மலைச் சைக்கிள் என்றால் மொட்டு இல்லாத வழவழப்பான டயர் மாட்டுங்கள்.

சீட் உயரத்தை இப்படிப் பாருங்கள்: சுவரைப் பிடித்து சீட்டில் உட்கார்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் அதிக உயரம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் உயரம் போதவில்லை.

பெண்கள் பலர் சைக்கிளைப் பாதியில் கைவிட சீட்டும் ஒரு காரணம். உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். சீட் அவற்றைவிடக் குறுகலாக இருந்தால் எடை முழுவதும் நடுவில் உள்ள மென்மையான தசையில் இறங்கும். எரிச்சல், மரத்துப்போதல், புண் எல்லாம் அதனால்தான். கெட்டியான நாற்காலியில் நெளி அட்டை ஒன்றை வைத்து, முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் உட்காருங்கள். இரண்டு குழிகள் விழுந்திருக்கும். அவற்றின் மையத்திலிருந்து மையம் வரை அளந்து, 2 அல்லது 3 சென்டிமீட்டர் கூட்டினால் உங்களுக்கான சீட் அகலம் ஏறக்குறைய வந்துவிடும். நடுவில் வெட்டு விட்ட சீட் பலருக்கு ஒத்துவரும். தடிமனான ஜெல் உறையை வாங்காதீர்கள்; எலும்பு அதில் புதைந்து, அழுத்தம் மறுபடியும் நடுவுக்கே வரும்.

கை சிறியதாக இருந்தால், பெரும்பாலான பிரேக் பிடிகளில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருகிப் பிடியை விரலுக்கு அருகே கொண்டுவரலாம். ஹேண்டில்பார் முனைகளில் அடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். திறந்த குழாயோடு வந்தால் போட்டியில் விடமாட்டார்கள்.

படி 3: வாரத்துக்கு ஆறு பயிற்சி, ஒரு நாள் முழு ஓய்வு

இரண்டு நீச்சல், இரண்டு சைக்கிள், இரண்டு ஓட்டம். நான்காவது, எட்டாவது வாரங்களில் அளவை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

நீச்சலை முதல் வாரம் 12 முறை 25 மீட்டர் என்று வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 வினாடி ஓய்வு. ஐந்தாவது வாரம் 8 முறை 50 மீட்டர். ஒன்பதாவது வாரம் 4 முறை 150 மீட்டர். பத்தாவது வாரம் 750 மீட்டரை நிற்காமல் நீந்திப் பாருங்கள். 50 மீட்டரிலேயே மூச்சு வாங்கினால், பெரும்பாலும் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிவைக்கிறீர்கள் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் நேரமெல்லாம் "ம்ம்ம்" என்று முனகிக் குமிழி விடுங்கள். தலையைத் திருப்பும்போது இழுப்பது மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும்.

சைக்கிளில் ஒன்று 45 நிமிடம். இன்னொன்றை வார இறுதியில் வைத்து மெல்ல 90 நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள். வலது முழங்கால் 15 வினாடியில் 20 முதல் 22 முறை மேலே வர வேண்டும். அதைவிடக் குறைந்தால் கியர் கனம். தொடையின் வலு அங்கேயே தீர்ந்து ஓட்டத்துக்கு மிஞ்சாது.

ஓட்டத்தில் 4 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடப்பதில் வெட்கம் வேண்டாம், போட்டியிலும் அப்படியே செய்யலாம்.

படி 4: ஐந்தாவது வாரத்திலிருந்து சைக்கிளையும் ஓட்டத்தையும் ஒட்டுங்கள்

வாரத்தில் ஒரு சைக்கிள் பயிற்சி முடிந்ததும், உட்காராமல், உடனே 10 நிமிடம் ஓடுங்கள். இதற்கு பிரிக் என்று பெயர். கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். சில நிமிடத்தில் தளரும். அது தளரும் என்று கால் பழகிக்கொள்ளத்தான் இந்தப் பயிற்சி. முதல் கிலோமீட்டரை வழக்கத்தைவிட 30 வினாடி மெதுவாகவே ஓடுங்கள்.

படி 5: குளத்தை விட்டு வெளியே

எட்டாவது வாரத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று முறை திறந்த நீரில், துணையோடு மட்டும் நீந்துங்கள். நீச்சல் குளத்தில் வழிகாட்டும் கறுப்புக் கோடு இங்கே அடியில் இருக்காது. ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை, முதலையைப் போல் கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே எடுத்து மிதவையைப் பாருங்கள். தலை முழுவதும் தூக்கினால் கால் தாழ்ந்துவிடும்.

குளிர்ந்த நீர் மார்பில் பட்டதும் மூச்சு திணறுவது உடம்பின் இயல்பு; ஓரிரு நிமிடத்தில் அடங்கும். அதனால் அனுமதி இருந்தால் முன்பே இறங்கி முகத்தை நனைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் ஓரத்தில், பின்வரிசையில் நில்லுங்கள். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதக்கலாம், தவளை நீச்சல் அடிக்கலாம். பாதுகாப்புப் படகைப் பிடித்து இளைப்பாறவும் பொதுவாக அனுமதி உண்டு. படகு உங்களை முன்னே இழுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

படி 6: உடை

முதல் நிமிடம் முதல் கடைசி வரை ஒரே உடை. ஸ்போர்ட்ஸ் பிராவை நீந்தும்போதே போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த பிராவை ஈர உடம்பில் ஏற்றிப் பாருங்கள்: தோள்பட்டைக்குக் கீழே கயிறாகச் சுருண்டு நின்றுவிடும், மேலேயும் போகாது, கழற்றவும் வராது. டிரை-சூட் எனப்படும், மூன்று பகுதிக்கும் போடும் ஒற்றை உடையைவிட மேல், கீழ் என இரண்டாகப் பிரிந்த உடை கழிப்பறைக்கு வசதி. மெத்தை வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை வேண்டாம், அதன் தையல்தான் உரசும். பிராவின் அடிப்பட்டை, அக்குள், தொடை இடுக்குகளில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். நீண்ட முடியை உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது; பிடரியில் தாழ்வாகப் பின்னுங்கள்.

மாதவிடாய் நாளில் போட்டி வந்தால் நாப்கின் தண்ணீரை உறிஞ்சிப் பயனற்றுப்போகும். டாம்பூன் அல்லது கப் நீச்சலுக்கு ஒத்துவரும், ஆனால் அதை முதல் முறை பயன்படுத்தும் நாள் போட்டி நாளாக இருக்கக் கூடாது. பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் தொடர்ந்து தவறினால், உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். பயிற்சியைக் குறைத்து மருத்துவரைப் பாருங்கள். காரணமில்லாத களைப்புக்கு ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினையும் சோதிக்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவில் முதலில் இறங்குவது அதுதான். ஓடும்போது சிறுநீர் கசிந்தால் சகித்துக்கொண்டு இருக்காதீர்கள். இடுப்புத்தளப் பயிற்சியைச் சரியாகக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள்.

படி 7: மாறும் இடத்தை வீட்டில் ஒத்திகை பாருங்கள்

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுவது இந்த இடத்தில்தான். ஒரு துண்டை விரித்து ஷூவைப் பட்டையெல்லாம் தளர்த்தி வையுங்கள். சாக்ஸை விரல் பகுதி வரை சுருட்டி ஷூவுக்குள் செருகுங்கள், ஈரக் காலில் அப்படித்தான் ஏறும். ஹெல்மெட்டைக் கவிழ்த்து, பட்டையை இருபுறமும் தொங்கவிட்டு, ஹேண்டில்பார் மேல் வையுங்கள். இப்போது உடம்பில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடி வந்து மாற்றிப் பாருங்கள். நாலைந்து முறை செய்தால் கை தானாகப் போகும்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் ஹெல்மெட் கொக்கி, பிறகுதான் சைக்கிளைத் தொடுவது. திரும்பி வந்ததும் சைக்கிளை அதன் இடத்தில் நிறுத்திய பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். இரண்டில் எது தவறினாலும் தண்டனை உண்டு. சைக்கிளில் ஏறுவதும் இறங்குவதும் மாறும் இடத்தின் எல்லையில் போட்ட கோட்டுக்கு வெளியேதான். முந்தைய இரவே சைக்கிளை லேசான கியரில் விட்டு வையுங்கள்.

படி 8: கடைசி வாரமும் போட்டி நாளும்

பயிற்சி அளவைப் பாதியாக்குங்கள். காலை உணவு போட்டிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு முன்: மாவுச்சத்து அதிகம், எண்ணெயும் நாரும் குறைவு. சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும், சுமார் அரை லிட்டர் தண்ணீரும் கணக்கு. பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்று வாயில் வைக்காதீர்கள்.

நீச்சல் முடிந்து வெளியே வரும் வாசலிலிருந்து உங்கள் சைக்கிள் வரை ஒருமுறை நடந்து, எத்தனையாவது வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் போட்டி எண்ணைத் தாங்கும் இடுப்புப் பட்டை, அதாவது எண் பட்டை, சைக்கிளில் முதுகுப்பக்கம், ஓடும்போது வயிற்றுப்பக்கம். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. எத்தனை மீட்டர் இடைவெளி என்பது விதிமுறையில் இருக்கும். ஹெட்ஃபோன் கூடாது.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். நேரத்தைக் கணக்கிடக் கணுக்காலில் கட்டிய சிப்பைத் திருப்பிக் கொடுங்கள். எண் பட்டையைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள், அந்த எண்ணைக் காட்டினால்தான் சைக்கிளை வெளியே எடுத்துப்போக விடுவார்கள்.