மண்சாலை ஓரத்தில் வெட்டிவேர் மறைப்பு வளர்க்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், வீட்டுக் கொல்லைக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) லாரிகள் செல்லும் மண்சாலைக்கும் இடையே ஆளுயர மறைப்பு வேண்டுவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது வெட்டிவேர்ப் புல்லே. யானைப்புல் அதைவிட விரைவாக 3 மீட்டர் வரை வளரும் என்பது உண்மைதான். ஆயினும் அது அடுத்தவர் நிலத்துக்குள் பரவக்கூடியது, காட்டுப்பன்றிகள் பதுங்கவும் இடம் தரும்.

வெயில் நன்கு படும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். செம்பனையின் நிழலில் வெட்டிவேர் மெலிந்து, இடையிடையே வெளி விழுந்துவிடும். நடுவதற்கு முன் லாலான் என்னும் களைப்புல்லின் வேர்த்தண்டுகளை ஒன்றுவிடாமல் தோண்டி எடுப்பதுதான் மிக முக்கியமான வேலை, ஏனெனில் மண்ணில் எஞ்சும் சிறு துண்டும் மீண்டும் துளிர்த்து, பின்னர் தூர்களுக்கிடையே பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்ளும்.

முதிர்ந்த தூரைப் பிளந்து, இரண்டு மூன்று தண்டுகள் கொண்ட நாற்றுகளாக்கி, இலையை 20 சென்டிமீட்டருக்கும் வேரை 10 சென்டிமீட்டருக்கும் நறுக்கி, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவேண்டும். தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் மழை வலுக்கும் ஏப்ரல் அல்லது அக்டோபர் மாதம் இதற்கு ஏற்றது. அடர்த்தி போதாதெனத் தோன்றினால், முதல் வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக, அரை மீட்டர் தள்ளி இரண்டாம் வரிசை நடுங்கள்.

வேர் பிடிக்கும்வரை மழையில்லா நாள்களில் நீர் ஊற்றுங்கள். முதலாண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் பக்கத்தண்டுகள் பெருகும். அதன் பிறகு வளரவிட்டால் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம் கிடைக்கும். தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்போரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம்: கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி காற்றில் அடித்துவந்து பட்டால், இளம் நாற்றுகள் கருகிவிடக்கூடும்.