கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடியக்கரைக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், எந்த மாதம் என்றுதான் முதலில் கேட்பேன். வலசைப் பறவைகள் அக்டோபருக்குள்ளேயே வரத் தொடங்கிவிடும், உண்மைதான். ஆனால் மழை கொட்டும் நவம்பரில் போனால் சதுப்பு முழுக்கத் தண்ணீர் ஏறி நிற்கும். உள்ளான் என்கிற சிறு கரைப்பறவைகளுக்குச் சேறும் கால் நனையும் அளவு தண்ணீரும்தான் வேண்டும், ஆழத்தில் அவற்றால் இரை தேட முடியாது. பொங்கலை ஒட்டி, தண்ணீர் வடிய வடிய, பறவைக் கூட்டம் நெருக்கத்துக்கு வரும்.

அப்புறம் நேரம். வேதாரண்யத்தில் நிதானமாக டிபன் முடித்துவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் நிறைய. அதற்குள் உப்பளத்தின் மேல் கானல் எழும்பிவிடும். எவ்வளவு நல்ல பைனாகுலரிலும் பூநாரை (ஃபிளமிங்கோ) நெளிந்துதான் தெரியும். பெரிய சதுப்பு காட்டுக்கு மேற்கே இருப்பதால் விடிகாலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், பவளக்காலி என்கிற உள்ளானின் கால் சிவப்பு வரை தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் எல்லாமே கருநிழல்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, கிட்டே போவது. முதல் முறை நானும் படத்துக்காக இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று நடந்து ஒரு பூநாரைக் கூட்டத்தையே கிளப்பிவிட்டேன், கூடவே அங்கே மேய்ந்த உள்ளான்கள் அத்தனையும் எழுந்து போயின. ஒரு கைக்குள் அடங்கிவிடும் கொசு உள்ளான் ஆர்க்டிக் பகுதியிலிருந்து வந்து, திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. நாம் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அந்தக் கொழுப்பு கரைகிறது. மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் தலையை நிமிர்த்தி, எல்லாம் ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், அங்கேயே நின்றுவிடுங்கள்.

உப்புப் பாத்திக்குள் இறங்காதீர்கள். மழை முடிந்ததும் தொழிலாளர்கள் நாள்கணக்கில் மிதித்துக் கெட்டிப்படுத்திய தரை அது. வரப்பில் நடப்பதானாலும் கேட்டுவிட்டு நடங்கள்.

பறவையின் பெயரை உடனே முடிவு செய்ய அவசரம் வேண்டாம். குளிர்காலத்தில் சின்ன உள்ளான்கள் எல்லாமே சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும், நிறத்தை நம்பினால் குழப்பம்தான். அலகு நேரா, கீழே வளைந்ததா, ஓடி ஓடிக் கொத்துகிறதா, நின்று துழாவுகிறதா என்று பாருங்கள். காலில் வளையம் தெரிந்தால் நிறம், எந்தக் கால், எழுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல காலமாக அவற்றுக்கு வளையமிட்டு வருகிறது.

சதுப்போடு ஊர் திரும்பிவிடுவதும் பெரிய தவறு. மதியத்துக்கு மேல் வடக்கே தலைஞாயிறு பக்கம் வயல்களுக்குப் போங்கள். அறுவடை மெஷின் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் போகும், மின்கம்பியில் பனங்காடையும் பஞ்சுருட்டானும் உட்கார்ந்திருக்கும். ஆனால் அறுத்த வயல்தானே என்று உள்ளே இறங்கிவிடாதீர்கள். டெல்டாவில் பல இடங்களில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நெல்லுக்குள் உளுந்து, பயறு தெளித்துவிடுவார்கள், தாளுக்கு நடுவே முளை வந்திருக்கும். வயல்காரரிடம் எங்கே நிற்கலாம் என்று கேட்டுவிட்டு வரப்பு ஓரம் உட்காருங்கள். வெயில் சாயும் நேரத்தில் பூனைப்பருந்து இறக்கையை ‘வி’ போல உயர்த்தி, தாளை உரசுகிற மாதிரி தாழப் பறந்து வரும். அசையாமல் இருந்தால் உங்கள் பக்கமாகவே வரும்.