ஜென்டூவில் பைத்தான் மாற்றம்: ஒரே தாவலில் வேண்டாம்

ஜென்டூ லினக்ஸில் நிரல்களை நிறுவும், நீக்கும் எமெர்ஜ் கட்டளையே பைத்தானில் எழுதப்பட்டதுதான். இது தெரியாமல் முதல் வருடம் பழைய பைத்தானை நானே கையால் நீக்கினேன். அடுத்து எமெர்ஜ் என்று தட்டினால், பொருத்தமான பைத்தான் எதுவும் இல்லை என்று ஒற்றை வரி வந்து நின்றது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்வது, சிஹெச்ரூட் வழியே உடைந்த சிஸ்டத்துக்குள் நுழைவது என்று ராத்திரி முழுக்கப் போயிற்று. நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.

பைத்தான் பேக்கேஜ்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி சைட்-பேக்கேஜஸ் அடைவில் போய் உட்காரும். புதிய பதிப்பை நிறுவினால் மட்டும் போதாது; பேக்கேஜ்களையும் அதற்காக மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். எந்தெந்தப் பதிப்புக்கு என்பதைச் சொல்பவை இரண்டு கொடிகள் (பேக்கேஜை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் அமைப்புகள்). பைத்தான்_டார்கெட்ஸில் பல பதிப்புகளைத் தரலாம். பைத்தான்_சிங்கிள்_டார்கெட்டில் ஒன்றே ஒன்றுதான்.

இவற்றை நீங்கள் தொட்டதே இல்லையென்றால், ப்ரொஃபைல் (ஜென்டூ தரும் இயல்பிருப்பு அமைப்புகளின் தொகுப்பு) மாறும்போது வழக்கமான அப்டேட்டிலேயே எல்லாம் மாறிவிடும். 3.12 வெளியானது 2023 அக்டோபரில். ஜென்டூ அதை இயல்பிருப்பாக்கியது 2024 ஜூன் 1-இல். பேக்கேஜ்களைக் கட்டி நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூலை 3.12 அடியோடு தூக்கிவிட்டதால் திருத்த வேண்டியவை நிறைய இருந்தன. பொறுமை உள்ளவர்கள் இப்படிக் காத்திருப்பதே மேல். தேதி, எச்சரிக்கை எல்லாம் 'ஈசெலக்ட் நியூஸ் ரீட்' கொடுத்தால் வரும்.

தானாக மாறும்போது பாதி வழியில் ஏதாவது ஒரு பில்ட் நின்றால் சில நிரல்கள் ஓடாமல் போகலாம். தினமும் வேலை செய்யும் கணினி என்றால் மூன்று தவணையில் போங்கள். 3.12-இலிருந்து 3.13-க்குப் போவதாக வைத்துக்கொள்வோம். (இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.)

முதல் தவணை. பேக்கேஜ்.யூஸ் கோப்பில் இந்த இரண்டு வரிகள்:

*/* பைத்தான்_டார்கெட்ஸ்: -* பைத்தான்3_12 பைத்தான்3_13
*/* பைத்தான்_சிங்கிள்_டார்கெட்: -* பைத்தான்3_12

'-*' என்பது ப்ரொஃபைல் தந்ததைத் துடைத்துவிடும். பிறகு:

எமெர்ஜ் --ஆஸ்க் --ஒன்ஷாட் --வெர்போஸ் --டீப் --சேஞ்ச்டு-யூஸ் @வேர்ல்ட்

'எஸ்' கொடுக்கும் முன் பட்டியலைப் படியுங்கள். கொடியின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது இந்த முறை மாறுகிறது என்று பொருள். மேக்.கான்ஃப் கோப்பில் எப்போதோ எழுதி மறந்த பைத்தான்_டார்கெட்ஸ் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் தவணை. சிங்கிள்_டார்கெட் வரியில் 3_12-ஐ 3_13 ஆக்கி, அதே கட்டளை. லிப்ரே ஆஃபிஸை மூலத்திலிருந்து கட்டி வைத்திருந்தால் இப்போதுதான் அது வரிசையில் வரும், சாப்பிட்டு வரலாம். ஜென்டூ தரும் பைனரி பேக்கேஜ்களும் இந்த இடைக்காலத்தில் முழுசாகக் கைகொடுக்காது. உங்கள் கொடிகள் அவற்றோடு பொருந்தாதவை கம்பைல்தான் ஆகும்.

ஏதாவது ஒரு பேக்கேஜ் 3.13-ஐ இன்னும் ஏற்கவில்லையென்றால் முழு மாற்றத்தையும் நிறுத்த வேண்டாம். அந்தப் பேக்கேஜின் பெயரில் மட்டும் தனி வரி எழுதி 3_12-இல் விடுங்கள். அதற்குத் தேவைப்படும் பைத்தான் நூலகங்களுக்கும் 3_12 டார்கெட் தொடர வேண்டும்.

மூன்றாம் தவணை. டார்கெட்ஸ் வரியிலிருந்தும் 3_12-ஐ நீக்கி, மறுபடி அதே கட்டளை. முடிந்ததும் 'எமெர்ஜ் --ஆஸ்க் --டெப்கிளீன்'. யாருக்கும் தேவைப்படாவிட்டால் பழைய பைத்தானை அதுவே நீக்கும். நீக்கவில்லையென்றால் எதுவோ பிடித்து வைத்திருக்கிறது, வற்புறுத்தாதீர்கள்.

ப்ரொஃபைலும் 3.13-க்கு வந்த பிறகு அந்த இரண்டு வரிகளையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பதிப்பு வரும்போது எல்லோரும் போய்விட, நீங்கள் மட்டும் இங்கேயே நிற்பீர்கள்.

ஹோம் அடைவில் நீங்களே உருவாக்கிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்கள் (தனித்தனி பைத்தான் சூழல்கள்) போர்ட்டேஜின், அதாவது எமெர்ஜைத் தரும் பேக்கேஜ் மேலாளரின், கண்ணில் படாது. பழைய பைத்தான் போனதும் அவை உடையும். அதனால் டெப்கிளீனுக்கு முன்பே ஒவ்வொன்றிலும் 'பிப் ஃப்ரீஸ்' ஓட்டி, அதில் நிறுவியுள்ள பேக்கேஜ்களின் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள்.