ஃப்ளைட் சிமுலேட்டர் திக்காமல் பறக்க: எதை முதலில் குறைப்பது?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-ஐ நிறுவியதும் பலர் எல்லாவற்றையும் அல்ட்ராவில், அதாவது உச்சத் தரத்தில், வைத்துப் பார்ப்பார்கள். படம் திக்க ஆரம்பித்ததும் மொத்தத்தையும் மீடியத்துக்கு இறக்கிவிடுவார்கள். இரண்டுமே வீண். இதில் சில அமைப்புகள் பிராசசரைத் தின்பவை, சில கிராபிக்ஸ் கார்டைத் தின்பவை. மூச்சு வாங்குவது எதற்கு என்று தெரியாமல் குறைத்தால் மேகமும் நிழலும்தான் போகும், பிரேம் (வினாடிக்கு வரையப்படும் படங்கள்) ஒன்றுகூட ஏறாது.

ஆகவே முதல் வேலை அளப்பது. ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர்ஸ் பகுதிக்குப் போய் டெவலப்பர் மோடை ஆன் செய்யுங்கள். திரையின் மேலே ஒரு மெனு பட்டை வரும். அதில் டிஸ்ப்ளே எஃப்பிஎஸ் என்பதைத் தட்டுங்கள். பதிப்பைப் பொறுத்து அது டீபக் மெனுவுக்குள்ளோ ஆப்ஷன்ஸ் மெனுவுக்குள்ளோ இருக்கும். மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது "லிமிடெட் பை" என்ற வரி. மெயின் த்ரெட் என்று காட்டினால் பிராசசர் பின்தங்குகிறது, ஜிபியு என்று காட்டினால் கார்டு பின்தங்குகிறது. பக்கத்திலேயே ஒவ்வொன்றும் ஒரு பிரேமுக்கு எத்தனை மில்லிவினாடி எடுக்கிறது என்ற கணக்கும் ஓடும். 30 பிரேமுக்கு 33.3, 40-க்கு 25, 60-க்கு 16.7 மில்லிவினாடி. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அளக்கும்போது வி-சிங்க் (பிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் அமைப்பு), பிரேம் வரம்பு எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். வரம்பு இருந்தால் சிமுலேட்டர் சும்மா காத்திருக்கும் நேரமும் கணக்கில் சேர்ந்து, தவறான ஆளைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து "பிராசசர் 30 சதவீதம்தான் ஓடுகிறது, அதில் கோளாறு இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். சிமுலேட்டரின் முக்கிய வேலைகள் ஒரே த்ரெட்டில், அதாவது பிராசசரின் ஒரே வேலையோட்டத்தில், வரிசையாக நடக்கின்றன. 8 கோர், 16 த்ரெட் உள்ள பிராசசரில் ஒரு த்ரெட் முழுதாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது சுமார் 6 சதவீதம்தான். மற்ற கோர்கள் கை கட்டி நிற்க, ஒன்று மட்டும் மூச்சுத் திணறும். ரைசன் 7 5800 எக்ஸ்3டி மாதிரியான, 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) உள்ள பிராசசர்கள் இதில் பேர் வாங்கியதும் இதனால்தான்: இங்கே கோர்களின் எண்ணிக்கையைவிட, ஒற்றைக் கோரின் வேகத்துக்கும் அதற்குத் தரவு எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்கும்தான் மதிப்பு.

அடுத்தது, எங்கே நின்று அளப்பது. வயல்வெளிக்கு மேல் செஸ்னா 152-ல் 70 பிரேம் வருகிறது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஒரு கேட்டில் ஏ320 நியோவை நிறுத்துங்கள். நேரம் நண்பகல், வானிலை லைவ் அல்லாமல் உள்ளே தரப்பட்ட மேக அமைப்புகளில் ஒன்று. ஒரு நிமிடம் காத்திருந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காக்பிட்டில் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பிப் பாருங்கள். பிறகு மன்ஹாட்டனுக்கு மேல் தாழ்வாக ஒரு சுற்று. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே இடம், இதே நேரம், இதே மேகம். ஒரு தடவைக்கு ஒரு அமைப்பை மட்டும் மாற்றுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் ஒரு மாலை நேரம் இதற்குச் செலவழித்தால் பல மாதம் தலைவலி இல்லை.

மெயின் த்ரெட் பின்தங்கினால்

முதலில் கை வைக்க வேண்டியது டெர்ரெய்ன் லெவல் ஆஃப் டீடெயில். உங்களைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை நிலமும் கட்டடமும் மரமும் நுணுக்கமாக வரையப்பட வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. தூரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும் என்பது பள்ளிக் கணக்கு. 100-லிருந்து 200-க்கு ஏற்றும்போது சுமை இவ்வளவு எகிறுவது அதனால்தான். பெரிய விமான நிலையங்களில் 100-ல் தொடங்குங்கள். பழைய பிராசசர் என்றால் 70, 80. தரையில் 100 வைத்துப் புறப்பட்டு, மேலே ஏறிய பிறகு 200-க்கு உயர்த்தும் வழக்கமும் உண்டு. அது நல்ல வழக்கம்தான், ஏனென்றால் தொலைதூர நிலம் தேவைப்படுவது மேலே போன பிறகுதான், அதற்குள் விமான நிலையத்தின் சுமையும் பின்னால் போயிருக்கும். மாற்றும் கணத்தில் நிலம் புதிதாக ஏறுவதால் சில வினாடி திக்கும். ஆகவே இறங்கும்போது கடைசிக் கட்டத்தில் மாற்றாமல், கீழிறங்கத் தொடங்கும் முன்பே குறைத்துவிடுங்கள்.

ஆப்ஜெக்ட் லெவல் ஆஃப் டீடெயிலும் இதே குடும்பம்தான், ஆனால் பாதிப்பு குறைவு. 100 போதும்.

அடுத்து டிராஃபிக் பக்கம். இதைப் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை. விமான நிலைய வாகனங்கள், பணியாளர்கள், சாலைக் கார்கள், படகுகள், நிறுத்தி வைத்த விமானங்கள் என எல்லாம் பிராசசரின் தலையில்தான் விழும். எல்லாவற்றையும் 10 முதல் 20 வரை இறக்குங்கள். 35,000 அடியில் பறப்பவருக்குக் கீழே எத்தனை படகு மிதக்கிறது என்பது தெரியப்போவதில்லை.

கிளாஸ் காக்பிட் ரிஃப்ரெஷ் ரேட்டை மீடியத்தில் வையுங்கள். நவீன ஜெட் விமானங்களின் திரைகள் ஒவ்வொன்றையும் தனியாக வரைந்து புதுப்பிக்க வேண்டும். செஸ்னாவில் சீராக ஓடும் கணினி ஏர்பஸ்ஸில் திணறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். லோவில் வைத்தால் செயற்கைத் தொடுவானம் தாவித் தாவி நகரும், அது கண்ணை உறுத்தும்.

தலையைத் திருப்பும்போது மட்டும் திக்குகிறதா? அப்படியானால் ஆஃப் ஸ்கிரீன் டெர்ரெய்ன் பிரீ-கேஷிங்கை உயர்த்திப் பாருங்கள். இது பார்வைக்கு வெளியே உள்ள நிலத்தையும் தயாராக வைத்திருக்கும். ரேம் 32 ஜிபி இருந்தால் அல்ட்ரா. 16 மட்டுமே என்றால் ஹையோடு நிறுத்துங்கள்.

ரேம் என்றதும் ஒன்று: டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகத்தைப் பாருங்கள். 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேம் 2133-ல் ஓடிக்கொண்டிருந்தால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன் ஆகவில்லை என்று அர்த்தம். லேப்டாப்பில் ஒரே ஒரு ரேம் குச்சி இருந்தால், அதே அளவில் இன்னொன்றைச் சேருங்கள். எந்த ஸ்லைடரை நகர்த்தினாலும் கிடைக்காத லாபம் இதில் கிடைக்கக்கூடும்.

ஜிபியு பின்தங்கினால்

இங்கே பெரிய தீனிக்காரன் வால்யூமெட்ரிக் கிளவுட்ஸ், அதாவது முப்பரிமாண மேகங்கள். அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் மேகம் கூட்டமாக உள்ள நாளில் நல்ல லாபம் தெரியும். தோற்றத்தில் இழப்பு மிகக் கொஞ்சம். மீடியத்துக்குப் போனால் மேகம் பஞ்சு உதிர்ந்த மாதிரி புள்ளி தட்டும், அது வேண்டாம்.

அதற்கு அடுத்தது ரெண்டர் ஸ்கேலிங்: திரையின் அளவில் எத்தனை சதவீதத்தில் படம் வரையப்பட வேண்டும் என்பது. 4கே திரையில் 80 வைத்தால் உண்மையில் வரையப்படுவது 3072 × 1728, அதாவது மொத்தப் புள்ளிகளில் 64 சதவீதம். சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. 1080பி திரையில் 100-க்குக் கீழே போக வேண்டாம், காக்பிட் எழுத்துகள் படிக்க முடியாமல் போகும்.

ஆர்டிஎக்ஸ் கார்டு உள்ளவர்கள் டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) குவாலிட்டியை முயலலாம். நிலமும் வானமும் நன்றாகவே இருக்கும். ஆனால் திரைகளில் வேகமாக மாறும் எண்கள், உயரமானியின் கடைசி இலக்கம் போன்றவை, நிழல் படிந்ததுபோல் இழுபடும். கருவிகளைப் பார்த்துப் பறப்பவர்களுக்கு, விளிம்புகளை மென்மையாக்கும் வழக்கமான முறையான டிஏஏவே மேல். மெயின் த்ரெட் பின்தங்கும்போது டிஎல்எஸ்எஸ்ஸைப் போட்டுவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று கேட்பவர்கள் ஏராளம். மாறாது, அது கார்டின் சுமையை மட்டுமே குறைக்கும்.

நிழல்களும் பிரதிபலிப்புகளும் ஹையில் இருக்கட்டும். மூலை முடுக்குகளில் மெல்லிய நிழல் போடும் ஆம்பியன்ட் ஆக்லூஷனை மீடியத்துக்கு இறக்கலாம். சாய்வாகத் தெரியும் பரப்புகளைத் தெளிவாக்கும் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங்கை மட்டும் 16-லேயே விடுங்கள்: செலவு அற்பம், குறைத்தால் ரன்வே கோடுகள் கண் முன்னே மங்கும்.

கார்டின் நினைவகம் தனிக் கதை. முதல் 20 நிமிடம் சீராக ஓடி, வெளிக் கேமராவுக்கு மாறியதும் ஒற்றை இலக்கப் பிரேமுக்கு விழுந்து, பிறகு மீளவே இல்லையென்றால் விஆர்ஏஎம் நிரம்பி வழிந்துவிட்டது. வழிந்தது சாதாரண ரேமுக்குப் போகும். அந்தப் பாதை மிக மெதுவானது. 8 ஜிபி கார்டில் டெக்ஸ்ச்சர் ரெசல்யூஷனை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்குங்கள், டைரக்ட்எக்ஸ் (விண்டோஸில் விளையாட்டுகள் கார்டோடு பேசும் வழி) 12 இருந்தால் 11-க்கு மாறிப் பாருங்கள், பின்னணியில் திறந்து கிடக்கும் பிரவுசரை மூடுங்கள்.

கடைசியில் போட வேண்டிய பூட்டு

கண்ணுக்குச் சீராகத் தெரிவதற்குப் பிரேம் எண்ணிக்கையைவிட அவற்றுக்கு இடையிலான இடைவெளி சமமாக இருப்பது முக்கியம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் (வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிப்பது) 45 பிரேம் ஓடினால் சில பிரேம் ஒரு தடவையும் சில இரண்டு தடவையும் காட்டப்படும், படம் நொண்டும். அதே மானிட்டரில் 30-ல் பூட்டினால் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு தடவை. நொண்டல் போய்விடும். 120 ஹெர்ட்ஸ் என்றால் 40 அல்லது 60, 144 என்றால் 36, 48 அல்லது 72. கென்னடி சோதனையில் கிடைத்த மிகக் குறைந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், சராசரியை வைத்து அல்ல. என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிமுலேட்டருக்கென்று மட்டும் மேக்ஸ் பிரேம் ரேட்டை அமைக்கலாம். பிரேமுக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் மானிட்டர்களில் இந்த வகுத்தல் கணக்கு கட்டாயமில்லை, பூட்டு மட்டும் போதும்.

ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டு இருந்தால் பிரேம் ஜெனரேஷன் உண்டு: இரண்டு பிரேமுக்கு நடுவே கார்டே ஒன்றை உருவாக்கிச் சேர்க்கும். மெயின் த்ரெட் சிக்கலைத் தாண்டிப் போக அது ஒரு குறுக்கு வழி. டைரக்ட்எக்ஸ் 12-ம், விண்டோஸில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங்கும் ஆனில் இருக்க வேண்டும். அடிப்படை 30-க்குக் கீழே இருந்தால் ஸ்டிக்கை அசைப்பதற்கும் விமானம் திரும்புவதற்கும் நடுவே தாமதம் தெரியும்.

எண்கள் நன்றாக இருந்தும் நகரங்களுக்கு மேல் மட்டும் திக்கினால் இணையத்தைச் சந்தேகியுங்கள். நியூயார்க், லண்டன் போன்ற இடங்களின் கட்டடங்கள் ஃபோட்டோகிராமெட்ரியாக (புகைப்படங்களிலிருந்து உருவாக்கிய முப்பரிமாண மாதிரிகள்) நேரலையில் இறங்குகின்றன. டேட்டா பக்கத்தில் அதை மட்டும் அணைத்து அதே சுற்றைப் பறந்து பாருங்கள். இறங்கிய நிலத் தரவைச் சேமித்து வைக்கும் ரோலிங் கேஷை எஸ்எஸ்டியில் வையுங்கள். சிமுலேட்டர் பெரிதாகப் புதுப்பிக்கப்பட்ட பிறகு அதை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள்.

நேற்று வரை ஓடியது இன்று திடீரென்று திக்குகிறதா? எந்த அமைப்பையும் தொடும் முன் கம்யூனிட்டி ஃபோல்டரில் உள்ள ஆட்-ஆன்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு முறை பறந்து பாருங்கள். சரியாகிவிட்டால் பாதிப் பாதியாகத் திரும்பப் போட்டால் குற்றவாளி அகப்படும். புது கிராபிக்ஸ் டிரைவர் போட்ட மறுநாள் வரும் திக்கல் வேறு. கார்டு படம் வரையத் தயாரித்து வைத்திருந்த பழைய ஷேடர் கேஷ் போய்ப் புதிதாக உருவாகிக்கொண்டிருக்கும். இரண்டாவது பயணம் வரை ஸ்லைடர்களைத் தொடாதீர்கள்.